கால்சியம் கூடிய ஓடையில் கார்பன் எவ்வளவு? ஹபர்ட் புரூக் காட்டின் நிகழ்வு ஆய்வு

சிலிக்கேட் பாறை மழைநீரில் கரையும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பைகார்பனேட்டாக மாறி ஆற்றோடு கடலுக்குப் போகிறது. உலக ஆறுகளின் நீரைப் பகுத்துப் பார்த்து, சிலிக்கேட் சிதைவு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன் கார்பனை இப்படி இழுத்துக்கொள்கிறது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பாறையை அரைத்து நிலத்தில் தூவி இந்த வேகத்தைக் கூட்டலாம் என்ற யோசனை இப்போது வயல்வெளி வரை வந்துவிட்டது. தக்காணத்து எரிமலைப் பாறைத் தூளை நெல்வயலில் இடும் வேலை இந்தியாவிலும் நடக்கிறது.

தூவியதால் எவ்வளவு கார்பன் பிடிபட்டது என்பதை எப்படி அளப்பது? வடிநீரில் கூடிய கால்சியத்தை அளந்து, ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு பைகார்பனேட் என்ற கணக்கில் இரண்டால் பெருக்குவது எளிய வழி. அந்த வழி எங்கே தவறுகிறது என்று காட்டும் மிக நீண்ட பதிவுகளில் ஒன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், வெள்ளை மலைகளில் உள்ள ஹபர்ட் புரூக் சோதனைக் காட்டில் இருக்கிறது. இங்கே விவரிப்பது அந்தப் பதிவைத்தான்.

இடமும் முன்கதையும்

ஹபர்ட் புரூக் காட்டை அமெரிக்க வனத்துறை 1955-இல் ஆய்வுக்கென ஒதுக்கியது. அங்குள்ள மலைச்சரிவு சிறுசிறு நீர்ப்பிடிப்புகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றின் அடிவாரத்திலும் வெட்டு வைத்த அளவுத் தடுப்பு கட்டி, ஓடையில் போகும் நீரைத் தொடர்ச்சியாக அளக்கிறார்கள். அடியில் இருப்பது நீர் எளிதில் புகாத பாறை. அதனால் மழையாக வந்ததில் மரங்களும் வெயிலும் எடுத்துக்கொண்டது போக மீதி எல்லாம் அந்தத் தடுப்பின் வழியாகவே வெளியேறியாக வேண்டும். வந்ததும் போனதும் இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடங்கள் உலகில் குறைவு.

1963 முதல் இங்கு மழைநீரையும் ஓடைநீரையும் முறையாகப் பகுத்து வருகிறார்கள். வட அமெரிக்காவில் அமில மழை இருப்பதை வெளிக்கொண்டுவந்த இடமும் இதுதான். அனல்மின் நிலையங்களின் புகையிலிருந்து வந்த கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் பல பத்தாண்டுகளாக மண்ணில் இறங்கி, மண்துகள்களில் ஒட்டியிருந்த கால்சியத்தை அரித்து ஓடையில் சேர்த்துவிட்டன. கால்சியம் இருந்த இடத்தில் ஹைட்ரஜனும் அலுமினியமும் உட்கார்ந்தன. சர்க்கரை மேப்பிள் மரங்கள் நலிந்தன. தூய காற்றுச் சட்டங்கள் வந்து மழையின் அமிலம் குறைந்த பிறகும் ஓடை எதிர்பார்த்த வேகத்தில் தேறவில்லை. இழந்த கால்சியம்தான் தடை என்ற கருத்து 1990-களில் வலுப்பட்டது.

அதைச் சோதிக்கவே 1999-இல் ஒரு முழு நீர்ப்பிடிப்புக்குக் கால்சியம் கொடுத்தார்கள். கார்பன் அப்போது யாருடைய இலக்கும் அல்ல. காட்டின் உடல்நலத்துக்காகச் செய்த சோதனையின் நீர்ப் பதிவை எடுத்து, சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள். எல்லா அயனிகளையும் விடாமல் அளந்து வைத்திருந்ததால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

எதைத் தூவினார்கள், ஏன்

தேர்ந்தது முதலாம் எண் நீர்ப்பிடிப்பு. பரப்பு 11.8 ஹெக்டேர். தூவிய கனிமம் வொலாஸ்டனைட் என்னும் கால்சியம் சிலிக்கேட். அளவு ஹெக்டேருக்கு 3.44 டன், மொத்தம் சுமார் 40 டன். அதிலிருந்த கால்சியம் ஹெக்டேருக்கு 1,189 கி.கி. இருபதாம் நூற்றாண்டில் அந்த மண் இழந்ததாக மதிப்பிட்ட கால்சியத்தை மெல்ல ஈடுகட்டும்படி இந்த அளவைக் கணக்கிட்டார்கள்.

சுண்ணாம்புக்கல் தூள் மலிவு, எளிதில் கிடைக்கும். அதை விட்டு வொலாஸ்டனைட்டுக்குப் போனதில் இரண்டு அனுகூலங்கள் உண்டு. சுண்ணாம்பு வேகமாகக் கரைந்து மண்ணின் பிஎச் அளவைச் சட்டென்று தூக்கிவிடும். சிலிக்கேட் நிதானமாகக் கரையும், இயற்கையான பாறைச் சிதைவை ஒத்திருக்கும். இரண்டாவது, கால்சியத்தோடு சேர்ந்து வந்து அதைப்போலவே நடந்துகொள்ளும் தனிமம் ஸ்ட்ரான்சியம். தூவிய கனிமத்திலுள்ள ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப்பு விகிதம், அதாவது எடை வேறுபட்ட அதன் அணுக்களுக்கிடையேயான விகிதம், அந்தக் காட்டு மண்ணின் விகிதத்திலிருந்து வெகுதூரம் விலகியிருந்தது. ஓடையில் வரும் கால்சியம் புதியதா பழையதா என்று பிரித்தறிய அது அடையாளமாகும். கார்பன் கணக்குக்கும் பின்னாளில் இந்த அடையாளம்தான் கைகொடுத்தது.

நுண்தூளை அப்படியே ஹெலிகாப்டரிலிருந்து கொட்டினால் காற்று அடித்துப் போய்விடும். எனவே தூளை நீரில் கரையும் பசையால் உருண்டைகளாக்கி, 1999 அக்டோபரில் தூவினார்கள். மழை பட்டதும் உருண்டை உடைந்து மீண்டும் தூளாகிவிடும். தூவியது முழு நீர்ப்பிடிப்பின் மேல் என்பதால் ஓடைப் படுகையிலும் ஒரு பங்கு விழுந்தது. அது 631 கி.கி. மொத்தத்தில் ஒன்றரை விழுக்காடுதான். முதல் ஆண்டின் கதையை நடத்தியது அந்த ஒன்றரை விழுக்காடு.

முதல் ஆண்டில் ஓடை காட்டியது

தூவுவதற்கு முன் ஓடைநீரில் கால்சியம் லிட்டருக்கு 0.872 மி.கி. அத்தனை மெலிந்த நீர். படுகையில் விழுந்த தூள் உடனே கரையத் தொடங்கி, அளவு சுமார் 2.6 மி.கி. வரை ஏறியது. ஸ்ட்ரான்சியம்-87க்கும் ஸ்ட்ரான்சியம்-86க்கும் உள்ள விகிதம் 0.72032-இலிருந்து 0.71818-ஆக இறங்கியது. தூவிய கனிமத்தின் விகிதம் 0.70554.

இந்த மூன்று விகிதங்களைக் கொண்டு ஓடையிலுள்ள ஸ்ட்ரான்சியத்தில் எவ்வளவு புதியது என்று கணக்கிடலாம். விகிதம் இறங்கிய அளவை, இறங்கக்கூடிய முழு அளவால் வகுக்க வேண்டும்: 0.00214-ஐ 0.01478-ஆல் வகுத்தால் சுமார் 14.5 விழுக்காடு. கால்சியத்தில் புதியதோ மூன்றில் இரண்டு பங்கு. இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும். முரண் இல்லை. வொலாஸ்டனைட்டில் ஒரு ஸ்ட்ரான்சியத்துக்கு எத்தனை கால்சியம் உண்டோ, அது அந்த ஓடையின் இயல்பான விகிதத்தைப்போல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. எனவே ஸ்ட்ரான்சியத்தில் தெரியும் சிறு அசைவு, கால்சியத்தில் பெரிய மாற்றத்தைக் குறிக்கிறது. ஐசோடோப்பை மட்டும் அளந்துவிட்டு இரு மூலங்களின் கால்சியம்–ஸ்ட்ரான்சியம் விகிதத்தை அளக்காமல் விடுபவர்கள் இந்த இடத்தில் பல மடங்கு தவறிப் போவார்கள்.

ஓராண்டு முடிவில், படுகையில் விழுந்த 631 கி.கி.-இல் 401 கி.கி. கரைந்து ஓடையோடு போயிருந்தது. மீதி 230 கி.கி. கரையாத கனிமமாகவோ படுகையின் மண்துகளில் ஒட்டிய கால்சியமாகவோ தங்கியது. தொடக்கத்தில் கனிமத்திலிருந்து கால்சியம் சிலிக்காவைவிட வேகமாக வெளியேறியது. கனிமத் துகளின் மேல்பகுதியில் கால்சியம் இழந்த ஒரு படலம் உருவாகி, சுமார் ஆறு மாதத்துக்குப் பின்தான் இரண்டும் கனிமத்தில் உள்ள அதே விகிதத்தில் வரத் தொடங்கின. ஆகவே முதல் சில மாதங்களில் சிலிக்காவை வைத்துக் கரைந்த அளவை மதிப்பிட்டால் குறைவாக வரும். கால்சியத்தை வைத்து மதிப்பிட்டால் கூடுதலாக வரும்.

முக்கியமானது வேறு. முதல் ஆண்டு ஓடையில் தெரிந்த அந்தப் பளிச்சென்ற ஏற்றம், மலைச்சரிவில் கிடந்த மற்ற 40 டன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த 40 டன்னும் இலைச்சருகிலும் மக்கிலும் வேரடியிலும் கரைந்தது. வெளிவந்த கால்சியத்தின் பெரும்பகுதி அங்கேயே பிடிபட்டு, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்மண்ணுக்கு இறங்கியது. ஓராண்டுச் சோதனை நடத்தி அறிக்கை எழுதுபவர் ஓடைப் படுகையைத்தான் அளந்திருப்பார், நிலத்தை அல்ல.

கரைத்தது எந்த அமிலம்?

வொலாஸ்டனைட்டைக் கார்பானிக் அமிலம் கரைத்தால், ஒரு மூலக்கூறு கனிமத்துக்கு இரண்டு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு பைகார்பனேட்டாக மாறும். கூடவே ஒரு கால்சியம் அயனியும் ஒரு மூலக்கூறு சிலிசிக் அமிலமும் வரும். எடைக் கணக்கில் ஒரு டன் வொலாஸ்டனைட் அதிகபட்சம் 0.76 டன் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும். ஹெக்டேருக்கு 3.44 டன் என்றால் உச்சவரம்பு 2.6 டன்.

கந்தக அமிலம் கரைத்தால்? அதே கால்சியம், அதே சிலிக்கா, உடன் வருவது சல்பேட். காற்றிலிருந்து ஒரு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடுகூட எடுபடாது. நைட்ரிக் அமிலத்துக்கும் மக்கிலிருந்து வரும் கரிம அமிலங்களுக்கும் இதே விதி. ஓடையில் கால்சியத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

ஹபர்ட் புரூக் நீரின் எண்களையே வைத்துப் பார்க்கலாம். 0.872 மி.கி. கால்சியம் என்பது மின்சுமைக் கணக்கில் லிட்டருக்கு சுமார் 44 மைக்ரோ ஈக்விவலன்ட் (அயனிகளின் எண்ணிக்கையை ஒவ்வொன்றின் மின்சுமையால் பெருக்கிய அளவு). 2.6 மி.கி. என்பது சுமார் 130. கூடியது 86. இதை முழுக்க பைகார்பனேட் சமன் செய்தது என்று எடுத்துக்கொண்டால் லிட்டருக்கு 3.8 மி.கி. கார்பன் டை ஆக்சைடு பிடிபட்டதாக எழுதிவிடலாம். ஆனால் நீர் அமிலமாக இருந்தது. பிஎச் 5 உள்ள நீரில் ஹைட்ரஜன் அயனி மட்டும் 10 மைக்ரோ ஈக்விவலன்ட் இருக்கும். அதோடு கரைந்த அலுமினியமும் உண்டு. சல்பேட்டுக்கும் நைட்ரேட்டுக்கும் துணையாக இதுவரை ஓடிக்கொண்டிருந்தவை இந்த ஹைட்ரஜனும் அலுமினியமும்தான். புதிதாக வந்த கால்சியம் முதலில் அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது. அந்தப் பங்கு நீரின் அமிலத்தைத் தணிக்கிறது, மீனுக்கு நல்லது, கார்பன் கணக்கில் பூச்சியம். எல்லா வலிய அமிலங்களையும் சமன் செய்த பிறகு மிஞ்சும் கால்சியத்துக்குத்தான் பைகார்பனேட் துணை வரும்.

மண்ணுக்குள் இதைவிடக் கூர்மையாக நடக்கிறது. கார்பானிக் அமிலத்தால் கரைந்து பைகார்பனேட்டோடு இறங்கும் கால்சியம், அமில மண்ணின் துகளைத் தொட்டதும் அங்கே ஒட்டிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே தள்ளுகிறது. அந்த ஹைட்ரஜன் பைகார்பனேட்டோடு சேர, கார்பன் டை ஆக்சைடு மீண்டும் வாயுவாகிக் காற்றுக்குப் போய்விடுகிறது. மேல்மண்ணில் பிடிபட்டதாகத் தெரிந்த கார்பன், ஒரு முழம் கீழே போவதற்குள் திரும்பிவிடலாம். மண்ணின் மேல்மட்டத்தில் கரைந்த கனிமத்தை எடைபோட்டு அதிலிருந்து கார்பனைக் கணக்கிடும் முறையின் மேல் எங்களுக்குள்ள ஐயம் இதனால்தான். மண் கரைத்ததைச் சொல்லும். வெளியேறியதை ஓடைதான் சொல்லும்.

பிஎச் அளவே இதற்குச் சாட்சி. நீரில் கரைந்த கனிமக் கார்பனில் பைகார்பனேட்டாக இருப்பது பிஎச் 5-இல் சுமார் 4 விழுக்காடு, 5.5-இல் 12, 6-இல் 31. மீதி எல்லாம் கரைந்த வாயு. ஓடை ஒரு பாறையில் விழுந்து தெறித்தால் பறந்துவிடும். பிஎச் 6-ஐ எட்டத் தடுமாறும் ஓர் ஓடையில் பெரிய கார்பன் அறுவடை இருக்க வழியில்லை.

நீரும் குறைந்தது, மரமும் வளர்ந்தது

செறிவு என்பது பாதிக் கணக்கு. லிட்டருக்கு எவ்வளவு என்பதை எத்தனை லிட்டர் என்பதால் பெருக்கினால்தான் வெளியேறிய மொத்தம் வரும். இங்கே யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கால்சியம் பெற்ற காடு கூடுதல் நீரைக் குடித்தது. நீராவியாகப் போனது முதல் மூன்று ஆண்டுகளில் முறையே 25, 18, 19 விழுக்காடு கூடியது. பின்னர் பழைய நிலைக்குத் திரும்பியது. நீர் குறைந்தால், எதுவும் கூடுதலாகக் கரையாமலே ஓடையில் உப்புகளின் செறிவு ஏறும். அளவுத் தடுப்பு இல்லாமல், வாரம் ஒரு குப்பி நீரை மட்டும் எடுத்துப் பகுத்திருந்தால் அந்த ஏற்றத்தையும் பாறை கரைந்ததாக எழுதியிருப்பார்கள்.

மரங்களின் பதில் தெளிவானது. கால்சியம் பெற்ற பகுதியில், தூவாமல் விட்ட பக்கத்து ஒப்பீட்டுக் காட்டைவிட மரம் 21 விழுக்காடும் இலை 11 விழுக்காடும் கூடுதலாக விளைந்தன. மேப்பிள் நாற்றுகள் தழைத்தன. கால்சியப் பற்றாக்குறைதான் காட்டை நலியச் செய்தது என்ற கருத்து இதனால் உறுதிப்பட்டது. 1999-இன் சோதனை தன் மூலக் கேள்விக்கு நேரடியான பதிலைப் பெற்றது.

நைட்ரேட் எழுந்தது

பல ஆண்டுகள் கழித்து, சோதனை நீர்ப்பிடிப்பிலிருந்து நைட்ரஜன் பெருமளவில் வெளியேறத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது ஒப்பீட்டு நீர்ப்பிடிப்பைப்போல் 30 மடங்கு வரை போனது. அமிலம் தணிந்த மண்ணில் நைட்ரஜன் சேர்மங்கள் நைட்ரேட்டாக மாறி, வேர்களும் நுண்ணுயிர்களும் பிடித்து வைக்க முடியாமல் ஓடைக்கு வந்தன. நைட்ரஜனைச் சேமித்து வைத்திருந்த காடு அதை வெளியேற்றும் காடானது.

காட்டின் வளத்துக்கு இது இழப்பு, கீழே உள்ள நீர்நிலைக்குச் சுமை. கார்பன் கணக்கிலும் இதற்கு இடம் உண்டு. அம்மோனியம் என்பது நைட்ரேட்டாக மாறும் ஒவ்வொரு முறையும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருகின்றன. அவை பைகார்பனேட்டை அழிக்கும், அல்லது கனிமத்தைத் தாமே கரைக்கும். இரண்டு வழியிலும் கால்சியம் நைட்ரேட்டைத் துணையாகக் கொண்டு ஓடைக்கு வரும். முதல் சில ஆண்டுகளில் சல்பேட்டை மட்டும் கழித்துக்கொண்டிருந்த கணக்கு, பிந்தைய ஆண்டுகளில் நைட்ரேட்டையும் கழிக்காவிட்டால் பொய்யாகிவிடும். யூரியாவும் அம்மோனியம் உரமும் இடும் வயல்களில் இது முதல் நாளிலிருந்தே நடப்பது. நெல்வயல் வடிநீரில் பாறைத் தூளின் பலனை அளப்பவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

பழைய பதிவுகளைக் கார்பன் கோணத்தில் மறுபடி எடுத்து, ஒப்பீட்டு நீர்ப்பிடிப்போடு சேர்த்துக் கணித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. கார்பானிக் அமிலச் சிதைவால் 15 ஆண்டுகளில் பிடிபட்ட கார்பன் டை ஆக்சைடு ஹெக்டேருக்கு 0.025 முதல் 0.13 டன் வரை. உச்சவரம்பான 2.6 டன்னில் இது ஒன்று முதல் ஐந்து விழுக்காடு.

இதோடு ஓர் ஒப்பீட்டைச் செய்து பார்க்கலாம். முதல் ஆண்டில் படுகையிலிருந்து கரைந்துபோன 401 கி.கி. கனிமத்தை முழுக்க கார்பானிக் அமிலமே கரைத்தது என்று வைத்தால், அந்த ஓராண்டுக்கு மட்டும் ஹெக்டேருக்கு 0.026 டன் என்று வரும். எதிர்மின் அயனிகளைக் கழித்துப் பார்த்த 15 ஆண்டுக் கணக்கின் கீழ்எல்லையோ 0.025 டன். கால்சியத்தை மட்டும் பார்த்து எழுதும் கணக்கு எவ்வளவு ஊதிப்போகும் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று தேவையில்லை.

செலவுப் பக்கத்தில், கனிமத்தை வெட்டி, அரைத்து, ஏற்றி வந்து தூவியதில் வெளியான கார்பன் டை ஆக்சைடு ஹெக்டேருக்கு 0.8 முதல் 2.4 டன். சிதைவு பிடித்ததை இது பல மடங்கு விழுங்கிவிடுகிறது. கனிமம் முழுவதும் கரைந்து, எல்லாம் கார்பானிக் அமிலத்தால் நடந்திருந்தாலும், செலவின் மேல்எல்லையை எடுத்துக்கொண்டால் மிச்சம் அற்பம்.

ஆனாலும் 2015 வரையிலான நிகரக் கணக்கு ஹெக்டேருக்கு 8.5 முதல் 11.5 டன் வரவு என்று முடிந்தது. வரவு வந்தது மரத்திலிருந்து. நோயுற்ற காட்டுக்குக் கால்சியம் மருந்தானதால் வந்த வரவு அது. ஆரோக்கியமான மண்ணில், அல்லது ஆண்டுதோறும் அறுவடை செய்யும் வயலில் இதே எண்ணை எதிர்பார்க்க எந்த நியாயமும் இல்லை. மரத்தில் சேர்ந்த கார்பனும் கடலில் கரைந்த பைகார்பனேட்டும் நிலைத்திருக்கும் காலத்தில் ஒன்றல்ல; மரம் விழலாம், எரியலாம், மக்கலாம். இரண்டையும் ஒரே வரியில் கூட்டி எழுதும் அறிக்கைகளை ஏற்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஓடையின் குறைந்த எண்ணை வைத்துப் பாறைச் சிதைவு முறையே பயனற்றது என்று சொல்வதும் சரியல்ல. கால்சியத்தின் பெரும்பகுதி இன்னும் மண்ணிலும் மரத்திலும் இருக்கிறது. கந்தக அமில மழை இந்தக் காலத்தில் தொடர்ந்து குறைந்துகொண்டும் வந்தது. வலிய அமிலம் குறையக் குறைய, கரைக்கும் வேலையில் கார்பானிக் அமிலத்தின் பங்கு கூடும்.

இனிச் செய்பவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை

முதலில் ஒப்பீட்டு ஓடை. தூவுவதற்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் ஒப்பிடுவது போதாது. ஹபர்ட் புரூக்கில் மழையின் வேதியியலே ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருந்தது. தூவாத ஓடை பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்ததால்தான் காலத்தின் மாற்றத்தையும் தூளின் விளைவையும் பிரிக்க முடிந்தது. தூவும் முன்பே இரண்டு ஓடைகளையும் சில ஆண்டுகள் சேர்த்து அளந்து, அவை ஒன்றுக்கொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்துவைக்க வேண்டும்.

ஓடைக்கரையில் தூவாத பட்டை ஒன்றை விட வேண்டும். படுகையில் விழும் தூள் முதல் ஆண்டுப் பதிவை மூடிவிடுகிறது. ஹெலிகாப்டரால் தவிர்க்க முடியாது என்றால், படுகையில் விழுந்த அளவைத் தட்டுகள் வைத்துத் தனியே எடைபோட வேண்டும்.

மாதிரி எடுக்கும்போது இரண்டு குப்பிகள். இரண்டையும் 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டியே நிரப்ப வேண்டும். வடிகட்டாமல் அமிலம் விட்டால் மிதக்கும் கனிமத்தூள் குப்பிக்குள்ளேயே கரைந்து கால்சியத்தைக் கூட்டிக் காட்டும். ஒன்றில் தூய நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழே இறக்கி, நேர்மின் அயனிகளுக்கும் சிலிக்காவுக்கும் ஸ்ட்ரான்சியத்துக்கும் வைக்கலாம். மற்றதில் அமிலம் கூடாது. காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, 4 டிகிரி குளிரில் வைத்து, சல்பேட், நைட்ரேட், குளோரைடு, காரத்தன்மை (அமிலத்தைச் சமன் செய்ய நீருக்குள்ள திறன்) ஆகியவற்றுக்குப் பயன்படுத்த வேண்டும். குப்பியை மாற்றி எடுத்தால் நைட்ரேட் கணக்கு முழுவதும் பாழ். பிஎச் அளவை ஓடைக்கரையிலேயே எடுக்க வேண்டும், ஏனெனில் கரைந்த வாயு வெளியேறினால் அது ஏறிவிடும். காரத்தன்மைக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்பன் டை ஆக்சைடு வாயுவாக வெளியேறினாலும் அது மாறாது. ஆகவே பைகார்பனேட்டைப் பிஎச்சிலிருந்து கணக்கிடுவதைவிடக் காரத்தன்மையிலிருந்து எடுப்பதே உறுதியானது.

ஆனால் காரத்தன்மையைத் தரம்பார்க்கும் வழக்கமான முறை இத்தகைய மெலிந்த நீருக்கு ஒவ்வாது. நீரில் அமிலத்தைச் சேர்த்துக்கொண்டே போய் பிஎச் 4.5-இல் நிறுத்தும் அந்த முறையில், நிறுத்தும் அந்தப் புள்ளியிலேயே லிட்டருக்கு 32 மைக்ரோ ஈக்விவலன்ட் ஹைட்ரஜன் நீரில் மிதக்கிறது. காரத்தன்மையே 20 அல்லது 30 இருக்கும் நீரில் பிழை அளவைவிடப் பெரிதாகிவிடும். அமிலத்தைச் சிறுசிறு துளியாகத் தொடர்ந்து விட்டு, பிஎச் 4-க்குக் கீழும் போய், கிடைத்த புள்ளிகளைக் கிரான் முறையில் நேர்கோடாக நீட்டிப் பின்னோக்கிப் படிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் ஒரு கழித்தல் உண்டு. காட்டு ஓடைகளில் கரைந்த கரிமச் சேர்மங்கள் எதிர்மின் சுமையைத் தாங்கி வருகின்றன. ஒரு மி.கி. கரிமக் கார்பனுக்குச் சுமார் 5 மைக்ரோ ஈக்விவலன்ட் என்று தோராயமாக வைக்கலாம். இவற்றில் ஒரு பகுதி காரத்தன்மையாகவும் தோன்றும். தேநீர் நிறத்தில் ஓடும் நீரில் இதைக் கழிக்காமல் விட்டால் பைகார்பனேட் கூடுதலாக வரும். எல்லா அயனிகளையும் அளந்த பின் நேர்மின் தொகையும் எதிர்மின் தொகையும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாமல் எதிர்மின் பக்கம் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கரிம அயனிகளைத்தான். குறையும் பங்கைப் பைகார்பனேட் என்று எழுதி நிரப்புவது, அளக்காததை அளந்ததாகச் சொல்வதற்குச் சமம்.

வாரம் ஒருமுறை மாதிரி போதுமா என்றால், அமைதியான நாட்களுக்குப் போதும். ஹபர்ட் புரூக் போன்ற பனிநாட்டில் ஆண்டின் நீரில் பெரும்பங்கு பனி உருகும் சில வாரங்களில் போய்விடுகிறது, அந்த நீர் அமிலம் மிகுந்தது, பைகார்பனேட் குறைந்தது. பருவமழை நாடுகளில் அதே இடத்தில் பெருமழை வெள்ளம் இருக்கிறது. தானியங்கிக் கருவி வைத்து நீர்மட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் மாதிரி எடுத்து, நீரளவால் எடையிட்ட சராசரியைத்தான் பயன்படுத்த வேண்டும். பாறையில் இரும்புக் கந்தகக் கனிமங்கள் இருந்தால், அவை காற்றுபட்டுத் தாமே கந்தக அமிலம் தரும். மழையின் சல்பேட்டை மட்டும் கழித்தால் அந்தப் பங்கு தப்பிவிடும்.

கடைசியாக, அளவுத் தடுப்பைத் தாண்டிய பின் நடப்பது. இந்த ஓடை, காட்டுக்குப் பெயர் தந்த ஹபர்ட் புரூக் என்னும் பெரிய ஓடையில் கலந்து, பெமிகவாசெட் ஆற்றின் வழியாக மெரிமாக் ஆறாக அட்லாண்டிக் கடலை அடைகிறது. வழியில் தூவாத சரிவுகளின் அமில ஓடைகள் கலக்கின்றன. அவற்றின் ஹைட்ரஜன், தூவிய ஓடை சுமந்து வந்த பைகார்பனேட்டில் ஒரு பங்கை மீண்டும் வாயுவாக்கும். கடலுக்குப் போன பின்னும், மிக நீண்ட காலத்தில் கால்சியம் கார்பனேட்டாகப் படியும்போது இரண்டில் ஒரு கார்பன் திரும்பிவிடும். எனவே அளக்கும் இடம் தூவிய நிலத்தின் வாயிலோடு நிற்கக் கூடாது. குறைந்தது முதல் பெரிய கலப்புக்குக் கீழே இன்னொரு நிலையம் வைத்து, அங்கும் காரத்தன்மையையும் நீரளவையும் தொடர்ந்து எடுக்க வேண்டும். அங்கே தூளின் தடயம் மங்கலாக இருக்கும், பல ஆண்டுத் தொடர் இருந்தால்தான் பிரித்தறிய முடியும் என்பதால் அந்த நிலையத்தைத் தூவுவதற்கு முன்பே நிறுவ வேண்டும்.